2 வயது குழந்தையின் உயிரைக் குடித்த உப்புத் தண்ணீர்! மருந்து கலப்பவருக்கு பரீட்சை கேட்காத சட்டம் மாறிய கதை

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து சரி. குழந்தையை வாட்டிய கட்டியும் கரைந்துவிட்டது. இன்னும் சில நாளில் வீட்டுக்குப் போகவேண்டிய குழந்தை. ஆனால் போகவில்லை.

காரணம், ஆஸ்பத்திரியின் மருந்து கலக்கும் அறையில் நடந்த ஒரு தவறு.

அந்த மருந்தைக் கலந்தவர் டாக்டர் அல்ல. மருந்தாளுனரும் அல்ல. மருந்தாளுனருக்கு உதவியாக வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன்.

அந்த வேலைக்கு வருகிறவர் என்ன படித்திருக்க வேண்டும், எத்தனை நாள் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், எந்தப் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும்? இதில் எதையுமே அந்த மாநிலத்துச் சட்டம் அப்போது கேட்கவில்லை!

அமெரிக்காவில் ஓகியோ மாநிலத்தில் 2006-ம் ஆண்டு நடந்த சம்பவம் இது. இதனால் ஒரு மருந்தாளுனர் ஜெயிலுக்குப் போனார். ஒரு புதுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு செத்துப்போன குழந்தையின் பெயரையே வைத்தார்கள்.

விவரம் வருமாறு:-

பிறந்த நாள்

குழந்தையின் பெயர் எமிலி ஜெரி. ஓகியோவில் உள்ள கிளீவ்லேண்ட் நகரில் குழந்தைகளுக்கான ரெயின்போ ஆஸ்பத்திரியில் எமிலிக்கு சிகிச்சை நடந்து வந்தது. வயிற்றில் புற்றுநோய்க் கட்டி.

பல மாதம் மருந்து ஏற்றினார்கள். சிகிச்சை நல்ல பலன் கொடுத்தது. கட்டி மறைந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியாக ஒரு சுற்று மருந்து கொடுக்க டாக்டர்கள் முடிவு செய்தார்கள்.

2006-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி எமிலிக்கு 2-வது பிறந்த நாள். கடைசிச் சுற்று சிகிச்சையும் அதை ஒட்டியே தொடங்கியது. பெற்றோருக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்! நோய் போயிற்று, பிள்ளை பிழைத்தது என்று நிம்மதியாக இருந்தார்கள்.

2 நாள் கழித்து, பிப்ரவரி 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஏற்றவேண்டிய மருந்துப் பை, மருந்து அறையில் தயாரானது.

26 மடங்கு உப்பு

ஆஸ்பத்திரியில் "டிரிப்ஸ்" ஏற்றுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தொங்கும் பையில் இருப்பது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். அதற்கு ஒரு கணக்கு உண்டு. 100 பங்குக்கு 0.9 பங்கு உப்பு. அதாவது 1 லிட்டருக்கு 9 கிராம். நம்முடைய ரத்தத்துக்கு ஒத்துப்போகிற அளவு இது.

இந்தத் தண்ணீரில்தான் புற்றுநோய் மருந்தையும் கலந்து, மெதுவாக உடம்பில் ஏற்றுவார்கள். இந்த அளவில் உப்புத் தண்ணீர் நிரப்பிய பை, கம்பெனியில் இருந்தே தயாராக வரும். பையை எடுத்து மருந்தைச் செலுத்த வேண்டியதுதான் வேலை.

மருந்து அறையில் இன்னொரு உப்புத் தண்ணீரும் இருக்கும். அது மிகவும் காரமானது. 100 பங்குக்கு 23.4 பங்கு உப்பு. 1 லிட்டருக்கு 234 கிராம். சாதாரண பையைவிட 26 மடங்கு அதிகம். வேறு திரவங்களில் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதற்குத்தான் அது பயன்படும். அதை அப்படியே உடம்பில் ஏற்றுவது விஷத்தை ஏற்றுவதற்குச் சமம்.

இரண்டுமே பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். நிறம் இல்லை. வாசனை இல்லை. சீட்டில் அச்சாகி இருக்கும் எண் ஒன்றுதான் வித்தியாசம்.

அன்றைக்கு டெக்னீஷியன், தயாராக இருந்த பையை எடுக்கவில்லை. 23.4 சதவீத உப்புத் தண்ணீரை எடுத்து, அதில் மருந்தைக் கலந்துவிட்டார்! பைக்குள் இருந்த உப்பு 20 சதவீதத்துக்கும் மேல்.

மருந்தாளுனர் அந்தப் பையைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அவர் கண்ணிலும் தவறு படவில்லை. "சரி" என்று அனுப்பிவிட்டார். பை வார்டுக்குப் போனது. எமிலியின் உடம்பில் ஏறியது.

ரத்தத்தில் உப்பு திடீரென்று ஏறினால் முதலில் அடி வாங்குவது மூளை. எமிலி நினைவு இழந்தாள். டாக்டர்கள் எவ்வளவோ போராடினார்கள். செயற்கைச் சுவாசம் கொடுத்தார்கள். பலன் இல்லை. மார்ச் 1-ந் தேதி எமிலி இறந்து போனாள்.

புற்றுநோயை ஜெயித்த குழந்தையை, உப்புத் தண்ணீர் கொண்டு போய்விட்டது.

அன்றைக்கு என்ன நடந்தது?

சம்பந்தப்பட்ட மருந்தாளுனரின் பெயர் எரிக் கிராப். அன்றைக்கு மருந்து அறையில் இருந்த நிலைமையைப் பற்றி பிற்பாடு பல தகவல்கள் வெளிவந்தன.

காலையில் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. அதனால் மருந்துச் சீட்டுகள் தேங்கிக் குவிந்தன. ஆட்களும் குறைவு. வழக்கமாக எடுக்கும் ஓய்வுகூட எடுக்க முடியாத அளவுக்கு வேலை.

இதற்கு நடுவில், "மருந்தைச் சீக்கிரம் அனுப்புங்கள்" என்று வார்டில் இருந்து நர்சு அவசரப்படுத்தினார். உண்மையில் அந்த மருந்து இன்னும் சில மணி நேரம் கழித்துத்தான் தேவைப்பட்டது.

டெக்னீஷியனுக்கோ கல்யாணம் நெருங்கிக் கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் கவனம் கல்யாண ஏற்பாடுகளில் இருந்தது என்றும் கூறப்பட்டது.

அலுவலகத்தில் வேலை பார்க்கிற யாருக்கும் இந்த மாதிரி ஒரு நாள் வந்திருக்கும். மெஷின் ஓடாது. ஆள் வரமாட்டார்கள். மேலே இருந்து அவசரம். வீட்டு வேலை வேறு மனதில் ஓடும். கணக்கில் ஒரு எண் மாறிவிடும். மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.

மருந்து அறையில் மறுநாள் என்பது கிடையாது.

ஜெயில் தண்டனை

ஓகியோவில் மருந்தாளுனர்களைக் கண்காணிப்பது மாநில பார்மசி போர்டு. 2007-ம் ஆண்டு அந்த போர்டு எரிக் கிராப்பின் லைசென்சைப் பறித்தது. இனி அவர் மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ மருந்தாளுனராக வேலை பார்க்க முடியாது.

அதோடு நிற்கவில்லை. அவர் மீது கிரிமினல் வழக்கும் வந்தது. கொலை நோக்கம் இல்லாமல் மரணம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. 2009-ம் ஆண்டு கோர்ட்டில் அவர் வழக்கை எதிர்த்துப் போராடவில்லை.

2009 ஆகஸ்டில் தீர்ப்பு. 6 மாதம் ஜெயில். பிறகு 6 மாதம் வீட்டுக் காவல். 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. 400 மணி நேரம் சமூக சேவை. 5 ஆயிரம் டாலர் அபராதம்.

தவறு செய்தது வேண்டுமென்றே அல்ல, கவனக்குறைவால்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருந்தும் ஜெயில். இது அமெரிக்க மருந்தாளுனர்கள் இடையே பெரிய பரபரப்பை உண்டாக்கியது. மருந்துத் தவறுகளை ஆராய்ந்து எச்சரிக்கை வெளியிட்டுவரும் ஐ.எஸ்.எம்.பி. என்ற அமைப்பு, இந்தத் தண்டனை அநியாயம் என்று பகிரங்கமாக எழுதியது. ஒரு ஆளை ஜெயிலில் போட்டால் அறையில் இருந்த மற்ற கோளாறுகள் சரியாகிவிடுமா என்பது அவர்கள் கேள்வி.

மருந்தைக் கலந்த டெக்னீஷியன் மீது வழக்குப் போடப்படவில்லை. லைசென்சைப் பறிக்கலாமா என்றால், பறிப்பதற்கு லைசென்சே கிடையாது! மாநில போர்டின் எந்தப் பட்டியலிலும் அந்த வேலைக்காரர்களின் பெயர் இல்லை.

இந்த இடத்தில்தான் விஷயம் சட்டசபைக்குப் போனது.

யார் இந்த டெக்னீஷியன்?

கவுண்டரில் பில் போடும் பையன் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் மருந்து டெக்னீஷியன் என்பது தனி வேலை. நாடு முழுவதும் நாலரை லட்சம் பேருக்கு மேல் இதைச் செய்கிறார்கள்.

மருந்துச் சீட்டை வாங்குவது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது, மாத்திரையை எண்ணிப் பாட்டிலில் போடுவது, சீட்டு ஒட்டுவது, அலமாரியில் மருந்து நிரப்புவது எல்லாம் இவர்கள். ஆஸ்பத்திரி என்றால், கிருமி இல்லாத தனி அறையில் நின்று ஊசி மருந்தும் டிரிப்ஸ் மருந்தும் கலப்பதும் இவர்கள்தான்.

மருந்தாளுனர் கடைசியில் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதாவது, கை வேலை டெக்னீஷியனுடையது. கண் வேலை மருந்தாளுனருடையது.

மருந்தாளுனர் ஆக அமெரிக்காவில் பள்ளிக்கூடம் முடித்து குறைந்தது 6 ஆண்டு படிக்கவேண்டும். பிறகு பரீட்சை, லைசென்சு. சம்பளமும் அதற்கு ஏற்ற மாதிரி. 2023-ம் ஆண்டுக் கணக்குப்படி நடுத்தர சம்பளம் ஆண்டுக்கு 1 லட்சத்து 36 ஆயிரம் டாலர்.

அதே ஆண்டில் டெக்னீஷியனின் நடுத்தர சம்பளம் சுமார் 40 ஆயிரம் டாலர். அவரிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் பள்ளிப் படிப்பு மட்டுமே. மீதியை வேலைக்கு வந்த இடத்தில் கற்றுக்கொள்ள வேண்டும்.

சம்பவம் நடந்தபோது ஓகியோவில் இருந்த வேடிக்கையைப் பாருங்கள். அழகு நிலையத்தில் முடி வெட்டி அலங்காரம் செய்கிறவர் லைசென்சு வாங்க 1,500 மணி நேரம் பயிற்சி எடுக்கவேண்டும். குழந்தைக்குப் புற்றுநோய் மருந்து கலப்பவருக்கு 1 மணி நேரம்கூடக் கட்டாயம் இல்லை!

ஆஸ்பத்திரிகள் சொந்தமாகப் பயிற்சி கொடுத்திருக்கலாம். நல்ல பயிற்சியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கொடுத்தார்களா என்று போய்ப் பார்க்கவும் யாரும் இல்லை.

எமிலி சட்டம்

எமிலியின் பெற்றோர் அழுது ஓய்ந்துவிடவில்லை. சட்டசபை உறுப்பினர்களைப் போய்ப் பார்த்தார்கள். நடந்ததை எடுத்துச் சொன்னார்கள். "எங்கள் பிள்ளை போனது போனதுதான். இன்னொரு பிள்ளை போகக்கூடாது" என்பதுதான் அவர்கள் கோரிக்கையின் சாரம்.

மசோதா நிறைவேறியது. 2009-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி அன்றைய கவர்னர் டெட் ஸ்டிரிக்லேண்ட் கையெழுத்துப் போட்டார். "எமிலி சட்டம்" என்று பெயர்.

சட்டம் சொன்னது இதுதான்:-

ஓகியோவில் மருந்து டெக்னீஷியனாக வேலை பார்ப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

பள்ளி இறுதிப் படிப்பு அல்லது அதற்குச் சமமான படிப்பு முடித்திருக்க வேண்டும்.

கிரிமினல் குற்றம் செய்தவரா என்று போலீஸ் பதிவேடுகளில் சரிபார்க்கவேண்டும்.

பார்மசி போர்டு ஒப்புக்கொண்ட பரீட்சையில் தேறவேண்டும்.

இந்தத் தகுதி இல்லாமல் டெக்னீஷியன் வேலை பார்த்தால் அது குற்றம்.

இதையெல்லாம் படிக்கும்போது "இவ்வளவுதானா?" என்று தோன்றும். இவ்வளவுகூட அதுவரை இல்லை என்பதுதான் திடுக்கிட வைக்கும் விஷயம்.

போலீஸ் சரிபார்ப்பு எதற்கு என்று கேட்கலாம். மருந்து அறையில் கடுமையான வலி நிவாரணிகள் இருக்கும். போதைக்கு விற்றால் வெளியில் நல்ல விலை. திருட்டு நடப்பது சகஜம். அந்த அறையின் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஆள் யார் என்று விசாரிப்பது நியாயம்தானே?

ஆனாலும் 2009-ம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குறை இருந்தது. மாநில போர்டிடம் டெக்னீஷியன்களின் பெயர்ப் பதிவு இல்லை. ஒரு ஆஸ்பத்திரியில் தவறு செய்து நீக்கப்பட்டவர், அடுத்த தெருவில் உள்ள மருந்துக் கடையில் சத்தமில்லாமல் வேலைக்குச் சேர்ந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அந்த ஓட்டை பிறகு அடைக்கப்பட்டது. 2017-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, 2018 ஏப்ரலுக்குள் ஓகியோவில் உள்ள டெக்னீஷியன்கள் எல்லோரும் போர்டில் பெயரைப் பதிவு செய்யவேண்டும் என்று ஆனது. பயிற்சியில் இருப்பவர், பதிவு பெற்றவர், சான்றிதழ் பெற்றவர் என்று 3 பிரிவு. எந்தப் பிரிவுக்கு எந்த வேலை என்பதும் தனித்தனி. தவறு செய்தால் பதிவை ரத்து செய்யலாம்.

எமிலி இறந்து 12 ஆண்டுக்குப் பிறகுதான் அந்த வேலைக்காரரின் பெயர் அரசாங்கப் புத்தகத்தில் ஏறியது!

மாநிலத்துக்கு ஒரு சட்டம்

ஓகியோவில் சட்டம் வந்தால் அமெரிக்கா முழுவதும் வந்த மாதிரியா? இல்லை. அங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவில் மருந்துக் கடை, மருந்தாளுனர், டெக்னீஷியன் விவகாரம் எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. மாநிலத்துக்கு மாநிலம் தனி போர்டு. தனி விதி.

டெக்சாஸ் மாநிலத்தில் பரீட்சை தேறினால்தான் டெக்னீஷியனாகப் பதிவு. தேறுவதற்கு முன் பயிற்சியாளராக இருக்கலாம். அதற்கும் 2 ஆண்டுதான் கெடு.

மிச்சிகனில் லைசென்சு வேண்டும் என்ற சட்டம் 2014-ல்தான் வந்தது. பென்சில்வேனியாவில் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் 2020-ல். விஸ்கான்சினில் பதிவு முறை 2022-ல். எமிலி இறந்து 16 ஆண்டு கழித்து!

பஸ்சில் ஏறி மாநில எல்லையைத் தாண்டினால் விதி மாறிவிடும். நோயாளியின் ரத்தம் மாறுமா?

எமிலியின் தந்தை கிறிஸ்டோபர் ஜெரி, மகள் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். எந்த மாநிலத்தில் டெக்னீஷியனுக்குப் பயிற்சி கட்டாயம், எங்கே பரீட்சை கட்டாயம், எங்கே எதுவும் இல்லை என்று பார்த்து, மாநிலங்களுக்கு மார்க்கு போட்டு வெளியிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி! தங்கள் மாநிலம் பெயில் என்று ஊருக்குத் தெரிந்தால் சட்டசபை உறுப்பினருக்குக் கூச்சமாக இருக்கும் அல்லவா?

பரீட்சையில் என்ன கேட்பார்கள்?

நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு சான்றிதழ் பரீட்சை இருக்கிறது. அதை நடத்தும் பி.டி.சி.பி. என்ற அமைப்பு 1995-ல் தொடங்கப்பட்டது. இது அரசாங்க அமைப்பு அல்ல. ஆனால் பல மாநிலங்கள் இதன் சான்றிதழை ஏற்றுக்கொள்கின்றன.

90 கேள்வி. 1 மணி 50 நிமிடம். மருந்துகளின் பெயர், சட்ட விதிகள், தவறு வராமல் பாதுகாப்பது, மருந்துச் சீட்டைப் படித்துக் கணக்குப் போடுவது ஆகியவை பாடம்.

கணக்குதான் முக்கியம். சதவீதம், கிராம், மில்லிகிராம், மைக்ரோகிராம். ஒரு புள்ளி இடம் மாறினால் 10 மடங்கு. மில்லியும் மைக்ரோவும் மாறினால் ஆயிரம் மடங்கு.

2020-ம் ஆண்டு முதல் சும்மா வந்து இந்தப் பரீட்சை எழுத முடியாது. ஒப்புக்கொள்ளப்பட்ட பயிற்சி முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்தது 500 மணி நேரம் வேலை அனுபவம் வேண்டும். தேறிய பிறகும் 2 ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கவேண்டும். அதற்கு 20 மணி நேரம் மேற்கொண்டு படித்துக் காட்டவேண்டும்.

பயிற்சிப் பள்ளிகளுக்கும் தர விதி இருக்கிறது. தர அங்கீகாரம் பெற்ற ஆரம்பப் பயிற்சி குறைந்தது 400 மணி நேரம். மேல்நிலைப் பயிற்சி 600 மணி நேரம். இது எல்லா மாநிலத்திலும் கட்டாயம் அல்ல. வெர்ஜினியா போன்ற சில மாநிலங்கள்தான் இந்த மாதிரி அங்கீகாரம் உள்ள பயிற்சியைக் கேட்கின்றன.

கட்டாயம் ஆக்குவதற்கு எதிர்ப்பும் இருக்கிறது. "குறைந்த சம்பளத்துக்கு வருகிற ஆளிடம் இவ்வளவு படி, இவ்வளவு பணம் கட்டு என்றால் யார் வருவார்கள்? ஏற்கனவே ஆள் பஞ்சம்" என்பது கடைக்காரர்களின் வாதம். இதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆள் இல்லாத அறையில் அவசரம் இருக்கும். அவசரம் என்ன செய்யும் என்பதை கிளீவ்லேண்டில் பார்த்தாயிற்று.

நடிகரின் இரட்டைக் குழந்தைகள்

பரீட்சையும் லைசென்சும் இருந்தால் தவறே வராதா? வரும். அதற்கும் சாட்சி இருக்கிறது.

எமிலி இறந்த அதே 2006-ம் ஆண்டு. செப்டம்பர் மாதம். இண்டியானாபொலிஸ் நகரில் மெதடிஸ்ட் ஆஸ்பத்திரி. குறை மாதத்தில் பிறந்த பச்சைக் குழந்தைகளின் வார்டு.

அங்கே மருந்து வைக்கும் பெட்டியில் ஒரு டெக்னீஷியன் "ஹெப்பாரின்" மருந்தை நிரப்பினார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து இது. குழந்தைக்கு உரியது 1 மில்லியில் 10 யூனிட். பெரியவர்களுக்கு உரியது 1 மில்லியில் 10 ஆயிரம் யூனிட். ஆயிரம் மடங்கு! பெரியவர்கள் மருந்து குழந்தைகள் பெட்டியில் போய் உட்கார்ந்தது. நர்சுகளும் கவனிக்கவில்லை. 6 குழந்தைகளுக்கு ஏறியது. 3 குழந்தைகள் இறந்தன.

அடுத்த ஆண்டு, 2007 நவம்பரில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெயர்பெற்ற சீடர்ஸ்-சினாய் ஆஸ்பத்திரியில் அச்சு அசலாக அதே தவறு! ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் குவைடின் இரட்டைக் குழந்தைகளுக்கு ஆயிரம் மடங்கு ஹெப்பாரின் ஏறிவிட்டது. பிறந்து சில நாளே ஆன சிசுக்கள். நல்லவேளையாக இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

அங்கேயும் மருந்தை எடுத்துக் கொடுத்தவர் டெக்னீஷியன்தான். எடுத்ததை இன்னொருவர் சரிபார்க்கவேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் விதி. அது நடக்கவில்லை. இத்தனைக்கும் கலிபோர்னியாவில் டெக்னீஷியன்களுக்கு லைசென்சு முறை முன்பே உண்டு.

இரண்டு மருந்துக் குப்பிகளும் ஏறக்குறைய ஒரே நீல நிறச் சீட்டோடு இருந்தன என்று குவைட் குடும்பத்தார் மருந்து கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். பெரிய அளவு மருந்தின் சீட்டை வேறு நிறத்துக்கு மாற்றும் வேலையை கம்பெனி அதற்குள் தொடங்கியிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி அலமாரியில் பழைய சரக்கு இருந்தது.

கோடீஸ்வரன் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், ஏழை வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் மருந்து வருவது ஒரே மாதிரி அறையில் இருந்துதான்.

கள்ளப் பெயரில் வேலை

இன்னொரு வகைத் தவறும் உண்டு. இது கவனக்குறைவு அல்ல. வேண்டுமென்றே செய்தது.

2012-ம் ஆண்டு. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஊசி மருந்து தயாரித்து விற்ற ஒரு மருந்துக் கம்பெனி. முதுகுவலிக்குப் போடும் அதன் ஊசி மருந்தில் பூஞ்சைக் கிருமி கலந்துவிட்டது. 20 மாநிலங்களில் 750 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 60 பேருக்கு மேல் செத்தார்கள்.

வழக்கு விசாரணையில் கம்பெனியின் பல குட்டுகள் உடைந்தன. அவற்றில் ஒன்று: லைசென்சை முன்பே ஒப்படைத்துவிட்ட ஒரு டெக்னீஷியன் அங்கே மருந்து கலந்துகொண்டிருந்தார்! இருதய ஆபரேஷனுக்கான மருந்து கலப்பது அவர் வேலை. கம்ப்யூட்டரில் அவர் பெயர் வராது. வேறு ஒரு ஊழியரின் பெயரில் நுழைந்து வேலை பார்த்தார். மேலே இருந்தவர்களுக்கும் இது தெரியும். பிறகு சம்பந்தப்பட்டவர்கள் கோர்ட்டுப் படி ஏறினார்கள்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும். சோதனைக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் லைசென்சு என்பது சுவரில் தொங்கும் படம்தான்.

வேலை கூடிக்கொண்டே போகிறது

இதற்கிடையில் டெக்னீஷியன்களின் பொறுப்பு குறையவில்லை. கூடியிருக்கிறது.

கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், தடுப்பூசி போடவும் இவர்களுக்கு அனுமதி கொடுத்தது அமெரிக்க மத்திய அரசாங்கம். மருந்தாளுனர் மேற்பார்வையில், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் போடலாம். மாத்திரை எண்ணிய கை ஊசியும் பிடித்தது.

மருந்து கலக்கும் அறைகளிலும் புது ஏற்பாடுகள் வந்திருக்கின்றன. குப்பியில் உள்ள கோடுகளை மெஷினில் காட்டினால், தவறான மருந்து என்றால் மெஷின் சத்தம் போடும். கலந்த பையை எடை போட்டு, எடை மாறினால் நிறுத்திவிடும் கருவியும் உண்டு. உப்பின் எடையைக் கண் பார்க்காது, தராசு பார்க்கும்.

ஆனால் மெஷின் சத்தம் போட்டால், அது ஏன் சத்தம் போடுகிறது என்று புரிகிற ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும். "எப்போதும் இப்படித்தான் கத்தும்" என்று அமுக்கிவிடுகிற ஆள் நின்றால் மெஷினால் பிரயோஜனம் இல்லை. அதற்குத்தான் பயிற்சி.

தந்தை செய்த காரியம்

கடைசியாக ஒரு விஷயம்.

ஜெயிலுக்குப் போய் வந்த எரிக் கிராப்பை எமிலியின் தந்தை மன்னித்துவிட்டார். மன்னித்தது மட்டும் அல்ல. இருவரும் ஒரே மேடையில் தோன்றி, மருந்தாளுனர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் மத்தியில் பேசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரும், அந்தப் பையில் "சரி" போட்டவரும்!

ஒரே ஒரு ஆளின் மேல் பழியைப் போட்டுவிட்டால் கதவை மூடிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அறை அப்படியேதான் இருக்கும் என்பதுதான் அவர் நிலை. ஆள் போதுமா, பயிற்சி உண்டா, அவசரப்படுத்தியது யார், காரமான உப்புத் தண்ணீர் கைக்கு எட்டும் இடத்தில் ஏன் இருந்தது என்று கேட்டால்தான் அடுத்த குழந்தை பிழைக்கும் என்கிறார்.

இன்றைக்கு ஓகியோவில் ஒரு மருந்து டெக்னீஷியனின் பெயரைச் சொல்லி, அவருக்குப் பதிவு இருக்கிறதா, அது நடப்பில் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்கலாம். காசு கொடுக்க வேண்டாம். காரணம் சொல்ல வேண்டாம்.

2006-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி அப்படித் தேடலாம் என்றால், தேடுவதற்கு ஒரு பட்டியலே கிடையாது.